அரியலூர் ரயில் விபத்துக்காக பதவி விலகிய சாஸ்திரி: சாலையில் சாகிறவர்களுக்கு யார் பொறுப்பு?

பெரம்பலூரில் இருந்து சென்னைக்கு ரயிலில் போகணும்னா முதலில் பஸ் பிடிக்கணும். ஊரில் ரயில் நிலையம் கிடையாது. ஒண்ணு, சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அரியலூருக்குப் போகணும். இல்லைன்னா திருச்சிக்குப் போகணும். ஆனால் திருச்சி - சென்னை நான்கு வழிச்சாலை ஊரை ஒட்டியே போகிறது.

பக்கத்து ஊரான அரியலூரின் கதை வேறு. அங்கே ரயில் நிலையம் இருக்கு. வைகையும் பல்லவனும் நின்று போகும். கூடவே சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ராத்திரி பகலாக ஓடும் சாலைகளும் இருக்கு.

அரியலூரில் இருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்கு ரயில் பாதை வேண்டும் என்பது இந்தப் பகுதி மக்களின் பல ஆண்டு கோரிக்கை. அது கோரிக்கையாகவே நிற்க, சாலைகள் மட்டும் அகலமாகிக்கொண்டே போகின்றன. ரயிலா, ரோடா என்ற பேச்சு வரும்போதெல்லாம் செலவு எவ்வளவு, நிலம் எவ்வளவு, எத்தனை நிமிடம் மிச்சமாகும் என்றுதான் கணக்குப் போடுவார்கள். ஒரு கேள்வி மட்டும் விட்டுப்போகும். விபத்து நடந்தால் பதில் சொல்லப் போவது யார்?

இந்தக் கேள்விக்கு இந்தியா இன்றைக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் பதில் அரியலூரில் நடந்த ஒரு விபத்தில் இருந்துதான் வந்தது. அந்தப் பதிலைச் சொன்னவர் லால் பகதூர் சாஸ்திரி. அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ரயில் ஊரில் பிறந்தவர்

1904 அக்டோபர் 2. காசிக்குப் பக்கத்தில் உள்ள முகல்சராயில், தாய்வழித் தாத்தா வீட்டில் லால் பகதூர் பிறந்தார். முகல்சராய் வட இந்தியாவின் பெரிய ரயில் சந்திப்புகளில் ஒன்று. 2018-ல் அதன் பெயர் பண்டிட் தீனதயாள் உபாத்யாயா சந்திப்பு என்று மாற்றப்பட்டது.

அப்பா சாரதா பிரசாத் ஸ்ரீவாஸ்தவா பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு வருவாய்த் துறையில் குமாஸ்தா வேலைக்குப் போனவர். குழந்தைக்கு இரண்டு வயது முடிவதற்குள் பிளேக் நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அம்மா ராம்துலாரி தேவி பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கே திரும்பினார். தாத்தா, மாமா வீட்டு ஆதரவில்தான் சாஸ்திரி வளர்ந்தார். படகுக் கூலிக்குக் காசில்லாமல் கங்கையை நீந்திக் கடந்து பள்ளிக்கூடம் போனார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு.

1921-ல் காந்தி ஒத்துழையாமை இயக்கத்துக்கு அழைத்தபோது பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக்கூடக் காத்திருக்காமல் பள்ளியை விட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு தேசியவாதிகள் நடத்திய காசி வித்யாபீடத்தில் சேர்ந்து 1925-ல் பட்டம் பெற்றார். சாஸ்திரி என்பது அங்கே கொடுத்த பட்டம்தான், குடும்பப் பெயர் இல்லை. சாதியைக் காட்டும் பெயரை அவர் ஏற்கெனவே விட்டுவிட்டார். 1928-ல் மிர்சாபூரைச் சேர்ந்த லலிதா தேவியைக் கல்யாணம் செய்துகொண்டபோது சீராக வாங்கிக்கொண்டது ஒரு ராட்டையும் கொஞ்சம் கதர்த் துணியும் மட்டும்தான். அதன்பின் விடுதலைப் போராட்டத்தில் பல முறை சிறைக்குப் போய் வந்தார். எல்லாவற்றையும் கூட்டினால் சிறையில் கழிந்தது பல ஆண்டுகள்.

முதலில் பஸ்

சாஸ்திரி என்றதும் ரயில்வே அமைச்சர் என்பதுதான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் போக்குவரத்து நிர்வாகத்தை அவர் கற்றுக்கொண்டது பஸ்ஸில்தான்.

1947-ல் உத்தரப் பிரதேசத்தில் கோவிந்த வல்லப பந்த் அமைச்சரவையில் காவல் துறையும் போக்குவரத்துத் துறையும் அவரிடம் வந்தன. அந்த மாகாணத்தில் அரசு பஸ் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். லக்னோ - பாராபங்கி வழித்தடத்தில் முதல் பஸ்கள் ஓடின. பெண்களை பஸ் கண்டக்டர்களாக நியமித்த முதல் அமைச்சர் என்ற பெயர் சாஸ்திரிக்கு உண்டு. கூட்டத்தைக் கலைக்கத் தடியடி நடத்தாமல் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாம் என்று போலீசுக்கு உத்தரவு போட்டதும் அந்தக் காலத்தில்தான்.

பஸ்ஸை அரசே நடத்துவதில் ஒரு விஷயம் இருக்கு. வண்டி வரவில்லையா, பாதி வழியில் நின்றுவிட்டதா, யாரைக் கேட்பது என்பது மக்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டிலும் அதே நிலைதான். ஒரு கிராமத்துக்கு டவுன் பஸ் வரவில்லை என்றால் டெப்போ மேலாளரிடம் மனு கொடுக்கலாம், எம்எல்ஏவைக் கேட்கலாம், கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்ப்புக் கூட்டத்துக்குப் போகலாம். பஸ் ஓட்டை உடைசலாக இருந்தாலும் அதற்குப் பின்னால் பெயர் தெரிந்த ஒரு பொறுப்பாளர் இருக்கிறார்.

மூன்றாம் வகுப்புப் பயணிகளின் அமைச்சர்

1952 மே மாதம் நேருவின் அமைச்சரவையில் ரயில்வே மற்றும் போக்குவரத்து அமைச்சரானார் சாஸ்திரி. ரயில், சாலைப் போக்குவரத்து இரண்டும் ஒரே அமைச்சரின் கையில் இருந்தன. இன்றைக்கு ரயில்வேக்கு ஒரு அமைச்சகம், நெடுஞ்சாலைக்கு இன்னொரு அமைச்சகம்.

அன்றைய ரயில்களில் பெரும்பாலான மக்கள் போனது மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில். அந்தப் பெட்டிகளுக்கு மின்விசிறி வரத் தொடங்கியது சாஸ்திரியின் காலத்தில் என்று சொல்வார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளும் ஜமீன்தார்களும் பயணம் செய்த பழைய முதல் வகுப்பு ஒழிக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். சென்னை பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-ம் தேதி நேரு தொடங்கி வைத்தபோது துறையின் அமைச்சர் சாஸ்திரி. அன்று அவருக்குப் பிறந்தநாளும்கூட.

அரியலூர் வழியாகப் போகும் ரயில் பாதை அதற்கு முன்பே ஒரு தடவை டெல்லிவரை பேசப்பட்டது. அரியலூருக்கும் லால்குடிக்கும் நடுவே உள்ள கல்லக்குடியின் பெயர் டால்மியாபுரம் என்று மாறியிருந்தது. பழைய பெயரே வேண்டும் என்று 1953 ஜூலையில் திமுக போராடியது. மு.கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்துக் கைதானார். அப்போதும் ரயில்வே அமைச்சர் சாஸ்திரிதான்.

1956 நவம்பர் 23: மருதையாற்றில் என்ன நடந்தது?

மருதையாறு பச்சைமலையில் உற்பத்தியாகி பெரம்பலூர், அரியலூர் பகுதிகள் வழியாக ஓடி கொள்ளிடத்தில் கலக்கும் சின்ன ஆறு. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணல்தான் தெரியும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்துவிட்டால் ஆற்றின் குணமே வேறு.

1956 நவம்பரில் அப்படித்தான் மழை கொட்டியது. நவம்பர் 22-ம் தேதி இரவு சென்னை எழும்பூரில் இருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கிளம்பியது. நீராவி எஞ்சின். மறுநாள் விடிவதற்கு முன்பே அரியலூர் தாண்டி கல்லகம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் மருதையாற்றுப் பாலம். பாலத்தை ஒட்டிய மண்கரையை வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. மேலே தண்டவாளம் இருந்தது, கீழே பிடிமானம் இல்லை. எஞ்சினும் முன்பகுதிப் பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன.

தூக்கத்தில் இருந்தவர்கள் பலருக்கு என்ன நடந்தது என்றே தெரிந்திருக்காது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுதந்திர இந்தியா அதுவரை பார்த்த மிக மோசமான ரயில் விபத்துகளில் ஒன்று அது.

முதல் ராஜினாமா நிராகரிப்பு, இரண்டாவது ஏற்பு

இதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், செப்டம்பரில், மெகபூப்நகர் அருகே ஒரு பாலம் இடிந்து ரயில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உடனே சாஸ்திரி ராஜினாமா கடிதம் கொடுத்தார். நேரு ஏற்கவில்லை.

அரியலூர் விபத்து நடந்ததும் மறுபடியும் கடிதம் கொடுத்தார். இந்த முறை பின்வாங்கத் தயாராக இல்லை. மழை பெய்ததற்கும் கரை அரித்ததற்கும் டெல்லியில் இருக்கும் அமைச்சர் என்ன செய்ய முடியும் என்று கேட்டவர்கள் உண்டு. எம்பிக்கள் பலர் அவர் தொடர வேண்டும் என்றே விரும்பினார்கள்.

நேரு ராஜினாமாவை ஏற்றார். நாடாளுமன்றத்தில் அவர் சொன்ன விளக்கம் முக்கியமானது. விபத்துக்கு சாஸ்திரி எந்த வகையிலும் காரணம் இல்லை, ஆனாலும் துறையில் நடப்பதற்கு அமைச்சர் பொறுப்பேற்பது என்ற மரபு நிலைக்க வேண்டும், அதற்காகவே ஏற்கிறேன் என்ற பொருளில் பேசினார். டிசம்பர் முதல் வாரத்தோடு சாஸ்திரி பதவியில் இருந்து இறங்கினார். ஜகஜீவன் ராம் ரயில்வே அமைச்சரானார்.

இந்த ராஜினாமா இறந்தவர்களில் ஒருவரையும் திருப்பித் தரவில்லை. ஒரு அமைச்சர் பதவி விலகியதால் பாலத்தின் கரை தானாக உறுதியாகிவிடாது. ஆனால் ஒன்று நடந்தது. அந்த 140 பேர் இறந்தது ஆண்டவன் விட்ட வழி என்று முடித்துவைக்கப்படவில்லை. ஒரு துறை கவனிக்க வேண்டிய இடத்தில் கவனிக்கத் தவறியதன் விளைவு என்று நாட்டின் பிரதமரே சபையில் எழுந்து பதில் சொல்ல வேண்டி வந்தது.

பெயர் கெட்டுப்போன அழகேசன்

இதே விபத்து இன்னொருவர் வாழ்க்கையை வேறு மாதிரி திருப்பியது. ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் ஓ.வி.அழகேசன், செங்கல்பட்டு எம்பி. அவர் பெயருக்கு முன்னால் அரியலூரைச் சேர்த்து, ஆண்டது போதாதா என்று கேட்கும் எதுகை மோனையோடு ஒரு முழக்கம் கிளம்பியது. 1957 தேர்தலில் திமுக மேடைகளில் அது பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. அந்தத் தேர்தலில் அழகேசன் தோற்றார். 1962-ல்தான் மறுபடி ஜெயித்து வந்தார்.

ஒரே விபத்து சாஸ்திரிக்குப் புகழையும் அழகேசனுக்குத் தீராத பழியையும் கொடுத்தது. இது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் ரயில் என்பது பெயர் சொல்லிக் கேள்வி கேட்கக்கூடிய ஒரு அமைப்பாக மக்கள் மனதில் இருந்தது. அதனால்தான் புகழ், பழி இரண்டுமே வந்தன.

மீண்டும் அதே ஊர்ப் பக்கம், மீண்டும் அதே பெயர்

சாஸ்திரி ரொம்ப நாள் வெளியே இருக்கவில்லை. 1957 தேர்தலில் அலகாபாத்தில் இருந்து மக்களவைக்கு வந்து, போக்குவரத்து மற்றும் தகவல் தொடர்பு அமைச்சரானார். அடுத்த ஆண்டு வர்த்தகம், தொழில். 1961-ல் உள்துறை. 1963-ல் மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்ற காமராஜர் திட்டம் வந்தபோது மறுபடியும் பதவியை விட்டார். 1964 மே 27-ல் நேரு மறைந்ததும், காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் எல்லாத் தரப்பையும் பேசிச் சரிக்கட்டி சாஸ்திரியைப் பிரதமராக்கினார். ஜூன் 9-ம் தேதி பதவியேற்பு நடந்தது.

பிரதமரான பிறகு அவருக்குத் தமிழ்நாட்டில் வந்த பெரிய சோதனை மொழிப் பிரச்சினை. அதன் தொடக்கத்திலும் அரியலூர்ப் பக்கம் வருகிறது. இந்தித் திணிப்பை எதிர்த்து 1964 ஜனவரி 25-ம் தேதி திருச்சி ரயில் நிலையத்துக்கு எதிரே தீக்குளித்து உயிர்விட்ட சின்னசாமியின் சொந்த ஊர் கீழப்பழுவூர். இன்றைய அரியலூர் மாவட்டம்தான்.

1965 ஜனவரி 26-ல் இந்தி ஆட்சிமொழியாகும் நாள் வந்ததும் தமிழ்நாடு கொந்தளித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச்சூடுகள் நடந்தன. பிப்ரவரி 11-ம் தேதி மத்திய அரசில் இருந்த இரண்டு தமிழர்கள் ராஜினாமா செய்தார்கள். ஒருவர் சி.சுப்பிரமணியம். இன்னொருவர் அதே ஓ.வி.அழகேசன். சாஸ்திரி அவற்றை ஏற்கும்படி குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்கு அனுப்பினார். அவர் ஏற்க மறுத்து, பிரதமரை நிதானமாக யோசிக்கச் சொன்னார். அன்றிரவே வானொலியில் பேசிய சாஸ்திரி, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழி காப்பாற்றப்படும் என்று அறிவித்தார்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் ராஜினாமாவின் அர்த்தத்தை நாட்டுக்குக் காட்டியவர், இப்போது அடுத்தவர்களின் ராஜினாமா சொன்ன செய்தியைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. தாமதமாகத்தான் கேட்டார். அந்தத் தாமதத்தைத் தமிழ்நாடு மறக்கவில்லை. 1967-ல் காங்கிரஸ் இங்கே ஆட்சியை இழந்தது.

கடனில் வாங்கிய கார்

பிரதமரான பிறகும் சாஸ்திரி வீட்டில் சொந்தக் கார் கிடையாது. குடும்பத்தினர் கேட்டதால் ஒரு பியட் கார் வாங்க முடிவு செய்தார். விலை 12,000 ரூபாய். கையில் இருந்தது 7,000. மீதி 5,000 ரூபாய்க்குப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடன் வாங்கினார்.

1965 ஆகஸ்ட், செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர். எல்லையில் படைவீரனையும் வயலில் உழவனையும் ஒரே மூச்சில் வாழ்த்தும் முழக்கத்தை நாட்டுக்குக் கொடுத்தார். போருக்குப் பின் 1966 ஜனவரி 10-ம் தேதி தாஷ்கண்டில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். சில மணி நேரத்தில், 11-ம் தேதி அதிகாலை, அங்கேயே இறந்துபோனார். வயது 61. கார் கடன் பாக்கி இருந்தது. கிடைத்த பென்ஷன் பணத்தில் லலிதா சாஸ்திரி அதை அடைத்தார். அதே ஆண்டு பாரத ரத்னா விருது, மறைவுக்குப் பின், அவருக்கு வழங்கப்பட்டது.

ரயிலுக்கு ஒரு கணக்கு, ரோட்டுக்கு ஒரு கணக்கு

சரி, இந்தக் கதைக்கும் இன்றைய பெரம்பலூர், அரியலூருக்கும் என்ன சம்பந்தம்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். தமிழ்நாட்டுக் கணக்கை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்குச் சராசரியாக 49 பேர். மூன்று நாள் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். அது ஒரு அரியலூர் ரயில் விபத்து. மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு ரயில் மருதையாற்றில் விழுந்துகொண்டிருந்தால் நாடு சும்மா இருக்குமா?

இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். நாட்டின் மொத்த சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உயிரிழப்புகளில் 36 சதவீதம் அங்கே நடக்கிறது.

பெரிய ரயில் விபத்து நடந்தால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிப்பார். அவர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டவர் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வெள்ளைக்காரன் காலத்திலேயே 1941-ல் பிரித்துவைத்த ஏற்பாடு அது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழும். 1999-ல் கைசால் விபத்துக்குப் பிறகு நிதிஷ்குமார் ரயில்வே அமைச்சர் பதவியை விட்டார்.

ரோட்டில் ஒருவர் அடிபட்டு இறந்தால் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் எஃப்ஐஆர் போடுவார்கள். அஜாக்கிரதையாக ஓட்டியதாக டிரைவர் மேல் வழக்கு வரும். பெரும்பாலும் அத்தோடு கதை முடிந்தது. அந்த இடத்தில் சர்வீஸ் ரோடு ஏன் இல்லை, கிராமத்துக்காரர்கள் நான்கு வழிச்சாலையை எப்படிக் கடப்பார்கள், டவுன் பஸ் இருந்திருந்தால் அவர் பைக்கில் வந்திருப்பாரா? இந்தக் கேள்விகளைக் கேட்கவே அங்கே நாற்காலி இல்லை. சாலை வடிவமைப்பில் தவறு செய்து உயிர் போனால் ஒப்பந்ததாரருக்கும் அதிகாரிக்கும் அபராதம் விதிக்கலாம் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதிகபட்ச அபராதம் 1 லட்சம் ரூபாய்.

இதற்காக ரோடே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆம்புலன்ஸும் அரசு பஸ்ஸும் அதே ரோட்டில்தான் ஓடணும். நான்கு வழிச்சாலை வந்த பிறகுதான் பெரம்பலூரில் இருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் போகும் நேரம் குறைந்தது என்பதும் உண்மை. ஆனால் பஸ், ரயிலுக்குச் செலவாகும் பணத்தை நஷ்டம் என்றும், ரோட்டுக்கும் பார்க்கிங்குக்கும் செலவாகும் பணத்தை வளர்ச்சி என்றும் எழுதும்போது ஒரு செலவு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அது அந்த 17,884 பேர்.

ரயிலும் பஸ்ஸும் விபத்தே இல்லாதவை என்று அர்த்தமில்லை. மருதையாறே அதற்குச் சாட்சி. வித்தியாசம் என்னவென்றால், அவற்றில் ஒரு உயிர் போனால் கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கிறார். ரோட்டை அகலப்படுத்திவிட்டு மக்களை அவரவர் பைக்கில் அனுப்பிவிட்டால், பொறுப்பும் அவரவர் தலையில் போய்விடுகிறது.

இன்றைய அரியலூர் மாவட்டம் பெரம்பலூரில் இருந்து கடைசியாகப் பிரிந்து தனி மாவட்டமானது 2007 நவம்பர் 23-ம் தேதி. விபத்து நடந்து சரியாக 51 ஆண்டுகள் கழித்து, அதே தேதி. மாவட்டத்தின் பிறந்தநாளும் ரயில் விபத்தின் நினைவு நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன.

மருதையாற்றின் மேல் இன்றைக்கும் ரயில் போகிறது. பெரம்பலூர்க்காரர்கள் அந்த ரயிலைப் பிடிக்க இன்றைக்கும் பஸ் ஏறி அரியலூருக்கு வருகிறார்கள். பஸ் கிடைக்காதவர்கள் பைக்கில் வருகிறார்கள்.